ஜீப் மீளமைப்பு
ஜீப் மீளமைப்பு என்பது நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய ஊர்தியைக் கரடுமுரடான தடங்களுக்கு ஏற்பப் பிரித்துத் திரும்பக் கட்டுவதாகும். மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிசு ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கியது. அவ்வழி வந்த எம்எம் 540 போன்றவை இப்பணிக்குப் பெரிதும் விரும்பப்படுகின்றன. திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கேயுள்ள கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களில் பழைய ஜீப்புகள் இன்றும் சுமை ஏற்றுகின்றன.

பெரிய டயர் பூட்டினால் வண்டிக்கும் தரைக்குமான இடைவெளி கூடும். ஆனால் தரையில் கிடைக்கும் இழுவிசை குறையும். அதை ஈடுசெய்ய அச்சின் பல்லிணை (கியர்) விகிதத்தையும் மாற்றவேண்டும். இதனைத் தவிர்த்தால் செங்குத்தான ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கிக் கருகிவிடும். உயர்த்திய வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்வதால், பக்கச் சரிவில் எளிதில் கவிழும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழ் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. எனவே காட்டுத்தடத்தில் திறம்பட ஏறும் வண்டி, அத்தடம் வரையுள்ள சாலையில் ஓட உரிமையற்றதாகலாம்.