சிமெண்ட் மூட்டைக்குள் இருக்கும் புகை

டில்லியில் நவம்பர் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டே பேச்சுத்தான். ஒன்று கண் எரிச்சல். மற்றொன்று, "கட்டட வேலையெல்லாம் நிறுத்திட்டாங்களாம், நம்ம ஃபிளாட் இன்னும் ஆறு மாசம் தள்ளிப் போகும்" என்ற புலம்பல். அப்படியொரு நவம்பரில் என் நண்பரின் மகள் வீட்டுக்கு வந்தாள். ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஒரு கட்டுமான நிறுவனத்தில் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை.

"மாமா, எங்க கம்பெனியோட கார்பனை அஞ்சு வருஷத்துல கால்வாசி குறைக்கணுமாம். ஆபீஸ் மொட்டை மாடியில சோலார், சைட்டுக்கு நூறு மரம்னு ஒரு பிளான் எழுதிட்டு வரச் சொல்லியிருக்கார் எம்.டி. நீங்க முப்பத்தஞ்சு வருஷம் சைட்ல இருந்தவர். இது போதுமா?" என்று கேட்டாள்.

போதாது என்றேன். ஏன் என்று அன்று அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். நம் சங்க அன்பர்களில் கட்டுபவர்களும் உண்டு, கட்டியதை வாங்குபவர்கள் அதைவிட அதிகம் உண்டு. இருவருக்கும் இது பயன்படும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குளிர்காலத்தில் வேலையை நிறுத்துவது தூசுக்காக. தூசு நம் நுரையீரலுக்குப் பகை; நாலு மழை பெய்தால் அடங்கிவிடும். கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்கை உறுத்தாது. ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் வானில் தங்கிப் பூமியைச் சூடாக்கும். பச்சைத் துணி கட்டித் தண்ணீர் தெளிக்கும் சைட் தூசைக் குறைத்திருக்கலாம். கரியமில வாயுவில் ஒரு கிலோகூடக் குறைந்திராது.

கார்பன் கணக்கு எழுதுவதற்கு 2001இல் வெளியான ஓர் உலகளாவிய முறை இருக்கிறது. அதில் மூன்று வட்டங்கள். நிறுவனம் தானே எரிக்கும் டீசல் முதல் வட்டம். வாங்கும் மின்சாரம் இரண்டாவது. வாங்கும் பொருள்களை வேறொருவர் எங்கோ தயாரித்தபோது வெளியான வாயு உள்ளிட்ட மற்றவையெல்லாம் மூன்றாவது. பங்குச் சந்தையின் முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் சுற்றுச்சூழல் அறிக்கை தரவேண்டும் என்று செபி விதித்த பிறகு, பலரும் முதல் இரண்டு வட்டங்களைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறார்கள். கட்டுமான நிறுவனத்துக்கோ பெரும்பங்கு மூன்றாவது வட்டத்தில், அதாவது சிமெண்டிலும் கம்பியிலும் இருக்கிறது. சோலார் தகடு அந்தப் பக்கமே போவதில்லை.

சிமெண்டைப் பார்ப்போம். நம் ஊர்ப்பக்கம் சுண்ணாம்புக் காளவாய் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கிடைப்பது 56 கிலோ சுண்ணாம்பு. மீதி 44 கிலோ? அத்தனையும் கரியமில வாயு. அது அடுப்புப் புகையல்ல. கல்லுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தது. சிமெண்ட் ஆலையிலும் இதேதான், 1,450 டிகிரி வெப்பத்தில் நடக்கிறது. அங்கே உருவாகும் கருஞ்சாம்பல் நிற உருண்டைகளுக்கு கிளிங்கர் என்று பெயர். அதன் புகைக் கணக்கில் ஏறக்குறைய 60 சதம் கல்லிலிருந்து வருவது, மீதிதான் எரிபொருளுடையது. ஆலையைச் சூரிய ஒளியிலேயே ஓட்டினாலும் அந்த 60 சதம் போகாது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதம் சிமெண்டால் என்பது இதனால்தான்.

சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் 95 சதம்வரை கிளிங்கர். 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 40 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் 12 கன மீட்டர் கான்கிரீட், ஏறத்தாழ 77 மூட்டை சிமெண்ட். மூன்று டன் வாயு! நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ உறிஞ்சும் என்றால், இந்த ஒரு தளத்துக்கே 150 மரங்கள் ஓராண்டு உழைக்கவேண்டும். எம்.டி. நடச் சொன்ன நூறு கன்றுகள் பாவம், என்ன செய்யும்?

ஆகவே குறைக்கவேண்டியது கிளிங்கரை. இதற்கு முதல் வழி ஃபிளை ஆஷ் எனப்படும் நிலக்கரிச் சாம்பல். பி.பி.சி. என்று மூட்டையில் போட்டிருக்குமே (செய்தி நிறுவனம் அல்ல), அதில் 15 முதல் 35 சதம்வரை இந்தச் சாம்பல்தான். இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்டில் கசடே 70 சதம்வரை போகலாம். மேலே சொன்ன தளத்தை 30 சதம் சாம்பல் கலந்த சிமெண்டில் போட்டால் ஏறக்குறைய 900 கிலோ வாயு மிச்சம். டில்லிக் கொத்தனார்கள் பருமணலுக்கு 'பதர்பூர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதே பதர்பூரில் இருந்த அனல் மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. ஆனாலும் நாட்டில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் விழுகிறது.

பிறகு ஏன் எல்லோரும் தயங்குகிறார்கள்? சாம்பல் சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள் நீராற்றினால் போதும் என்கிற ஐ.எஸ். 456, இதற்குப் பத்து நாள் கேட்கிறது. வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் 14 நாள். மேஸ்திரியோ நான்காம் நாளே குழாயைச் சுருட்டிவிடுவார். சென்டரிங் பிரிக்கவும் அவசரம். பழி மட்டும் சாம்பலுக்கு.

இங்கே என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1990களில் யமுனைக்கு அக்கரையில் ஓர் அடுக்குமாடி வேலை. கியூப் சோதனையில் ஒரு நாள் 36 வரும், மறுநாள் 24 வரும். பயந்துபோய், "எதுக்கும் அரை மூட்டை சேர்த்துப் போடுப்பா" என்று உத்தரவிட்டேன். வேலை முடியும்வரை அந்த அரை மூட்டை போய்க்கொண்டே இருந்தது. கலவை விதியைப் பாருங்கள்: எம்-25 கான்கிரீட்டுக்கு 25ஐக் குறிவைத்தால் போதாது. கியூப் முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றனவோ, அந்தத் திட்டவிலக்கத்தை 1.65ஆல் பெருக்கி 25உடன் கூட்டவேண்டும். சிதறல் 4 என்றால் குறி 31.6. அதுவே 6 என்றால் 34.9. ஒழுங்கற்ற சைட் இந்த வித்தியாசத்தைச் சிமெண்டைக் கொட்டித்தான் ஈடுகட்டும். நான் செய்திருக்க வேண்டியது, மணலின் ஈரத்தைத் தினமும் பார்த்து, தண்ணீரை வாளியில் அல்லாமல் அளந்து ஊற்றச் செய்வது. காசும் மிஞ்சியிருக்கும், கார்பனும் குறைந்திருக்கும்.

"28 நாள் வலிமைன்னு ஏன் பிடிவாதம் மாமா?" என்று அவள் கேட்டது நல்ல கேள்வி. மேல் தளங்களுக்கு அது வேண்டும். ஆனால் அடியிலுள்ள ராஃப்ட் அஸ்திவாரத்தின்மேல் முழுப் பாரமும் ஏற ஒன்றிரண்டு வருஷம் ஆகும். அதை 56 நாள் வலிமைக்கு வடிவமைத்தால் கிளிங்கரை வெகுவாகக் குறைக்கலாம். தக்க சான்று இருந்தால் 28 நாளுக்குப் பிந்திய வலிமையைக் கணக்கில் கொள்ள ஐ.எஸ். 456 இடம் தருகிறது. வடிவமைப்பாளர்தான் துணிந்து கையெழுத்திட வேண்டும்.

அனல் மின் நிலையங்கள் ஒருநாள் குறையும், சாம்பலும் குறையும். அதற்கு மாற்றாக வந்திருப்பது எல்.சி.3. பாதி கிளிங்கர், 30 சதம் சுட்ட களிமண், 15 சதம் சுடாத சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம். களிமண்ணுக்கு 700, 800 டிகிரி போதும். அதில் பூட்டிவைத்த வாயுவும் கிடையாது. சாதாரண சிமெண்டைவிட 40 சதம்வரை குறைவு என்கிறார்கள். சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டில்லி ஐ.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து வளர்த்தது இது. 2023இல் ஐ.எஸ். 18189 என்ற தர நிர்ணயமும் வந்துவிட்டது. நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல; சுண்ணாம்போடு சுட்ட செங்கல் தூளைச் சேர்த்த சுர்க்கிக் கலவையின் பேரன்தான் இது. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை அந்தச் சுர்க்கியில் எழுந்ததுதானே!

கம்பியைப் பற்றிச் சுருக்கமாக. ஊதுலை எஃகு டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல் வாயு விடும். பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் மிகவும் குறையும். 2024 டிசம்பரில் எஃகு அமைச்சகம், டன்னுக்கு 2.2க்குக் கீழே இருந்தால்தான் பசுமை எஃகு என்று வரையறுத்து நட்சத்திரமும் வைத்தது. வாங்கும்போது அதைக் கேட்கலாம். ஆனால் டில்லி நில அதிர்ச்சி அபாயமுள்ள ஊர். பசுமை என்ற பெயரில் சோதிக்காத கம்பியை இறக்குவதும், தூணில் கம்பியைக் கிள்ளுவதும் கூடவே கூடாது. சிக்கனத்துக்கு வேறு இடம் இருக்கிறது: தூண்களுக்கிடையே அளவான தூரம், தேவைக்கு மேல் தடிக்காத தளம், நிலத்தடியில் ஓர் அடுக்குக் குறைவு. நாம் கேட்கும் இரண்டாவது கார் பார்க்கிங்குக்காகத் தோண்டும் அடுக்கில் எத்தனை சிமெண்ட் போகிறது என்று நமக்குத் தெரிவதேயில்லை.

டீசலையும் விட்டுவிடச் சொல்லவில்லை. லிட்டருக்கு 2.7 கிலோ வாயு. சைட் தொடங்கும்போதே மின் இணைப்பு வாங்கிவிட்டால் ஜெனரேட்டர் ஓடும் நேரம் குறையும். ஆனால் நம் நாட்டு மின்சாரமும் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் என்பதால் பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம்.

இடிப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சரோஜினி நகரிலும் நேதாஜி நகரிலும் நம்மவர்கள் எத்தனை குடும்பம் குடியிருந்தோம்! அந்தக் குடியிருப்புகளை இடித்து உயர்ந்த கட்டடங்கள் கட்டத் திட்டம் வந்தபோது, 2018இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களுக்காக மக்கள் தெருவில் இறங்கினார்கள். உயர் நீதிமன்றமும் மரம் வெட்டத் தடை விதித்தது. நல்ல காரியம். ஆனால் அந்த வீடுகளின் செங்கல்லிலும் தளத்திலும் ஏற்கெனவே செலவான புகைக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. இடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் கழிவையாவது பயன்படுத்தலாம். டில்லியில் புராரி ஆலை 2009 முதல் இதைச் செய்கிறது. அரைத்த கான்கிரீட் ஜல்லியை எம்-25 வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதம் சேர்க்க 2016ஆம் ஆண்டின் ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது. இதில் மிச்சமாவது மலையும் லாரி டீசலும்தான், சிமெண்ட் குறையாது.

இத்தனை தெரிந்தும் நடக்காததற்குக் காரணம் ஒப்பந்தம் என்பது என் அபிப்பிராயம். கன மீட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று வாங்கும் ஒப்பந்தக்காரர் கான்கிரீட்டைக் குறைத்தால் அவர் பில்தான் குறையும். செலவில் சதவீதம் வாங்கும் ஆலோசகருக்கும் அதே கதை. மொத்தத் தொகைக்கு வடிவமைப்பையும் சேர்த்து எடுக்கும் வேலைகளில்தான் மிச்சம் பிடித்தவருக்கு மிச்சம்.

அந்தப் பெண் எம்.டி.யிடம் சோலாரைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி, கியூப் சிதறலையும் சாம்பலையும் முதல் பக்கத்தில் வைத்துக் கொடுத்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. ஒரே ஒரு சைட்டில், ராஃப்டுக்கு மட்டும், 56 நாள் வலிமைக்குச் சம்மதித்தார். கான்கிரீட் போட்டாகிவிட்டது. கியூப்கள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கின்றன. "28ஆம் நாள் 21 தான் மாமா வந்திருக்கு, பயமா இருக்கு" என்று போன வாரம் போன் செய்தாள். இன்னும் மூன்று வாரம் பொறு என்று சொல்லியிருக்கிறேன்.