தோற்றவர் எழுந்து இடம்விட வேண்டும்

லிவர்மோர் என்றதும் எம்மவர் நினைவில் முதலில் எழுவது அங்குள்ள சிவா விஷ்ணு ஆலயமேயாகும். அமெரிக்கருக்கோ அவ்வூர் 1952ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அணு ஆயுத ஆய்வுகூடத்தின் பெயரால் அறிமுகமானது. 116ஆம் தனிமத்துக்கு லிவர்மோரியம் என்ற பெயர் 2012இல் சூட்டப்பட்டதும் அந்த ஆய்வுகூடத்தினாலேயே. ஆயினும் வார இறுதியில் அர்ச்சனை முடிந்து பிரசாதத் தட்டுடன் அமர்ந்திருக்கும் எமது பிள்ளைகளின் பேச்சுக்குச் சற்றே காதுகொடுத்தால் அங்கே அணுவும் இல்லை, ஆண்டவனும் இல்லை. யாருடைய உதை நீளமானது, யாருடைய பிடியிலிருந்து தப்ப முடியாது என்ற வாதமே நடந்துகொண்டிருக்கும். பேசப்படுவது வீடியோச் சண்டை விளையாட்டுக்கள்.

பெற்றோர் பலர் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அடிதடிக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தோம். இங்கே வந்து பிள்ளை காசு கொடுத்து அடிதடி வாங்குகிறானே?" இக்கேள்வியை எள்ளி நகையாடுவதற்கில்லை. துப்பாக்கி வேட்டின் ஒலியை நினைவில் சுமந்தவர்களுக்கு அடுத்த அறையிலிருந்து வரும் குத்தொலியும் கூக்குரலும் விளையாட்டாகத் தோன்றாமற் போவது இயல்பே. ஆகவே இவ்விளையாட்டுக்களில் அப்படி என்னதான் இருக்கின்றது, பிள்ளைகள் ஏன் இவற்றில் இவ்வளவு இன்பம் காண்கின்றனர் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க விழைகின்றோம்.

இதற்கு நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. லிவர்மோரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய சன்னிவேல் நகரமே இக்கதையின் களம். 1972இல் அற்றாரி நிறுவனம் தனது 'பொங்' இயந்திரத்தை முதன்முதலில் பரீட்சித்துப் பார்த்தது அந்நகரிலிருந்த ஒரு மதுச்சாலையில்தான். சில நாட்களில் இயந்திரம் பழுதாகிவிட்டதென்று அழைப்பு வந்தது. சென்று திறந்து பார்த்தபோது, உள்ளே நாணயங்கள் நிரம்பி வழிந்து அதனால் இயந்திரம் நின்றிருக்கக் கண்டனர். வீடியோ விளையாட்டு ஒரு பெருந்தொழிலாக மாறப்போவதை அந்தத் தகரப்பெட்டியே முன்னறிவித்தது எனலாம்.

சண்டை விளையாட்டுக்களின் பொற்காலம் 1991இல் தொடங்கியது. யப்பானிய நிறுவனமான கப்கொம் அவ்வாண்டு வெளியிட்ட 'ஸ்ட்ரீட் பைட்டர் 2' என்ற விளையாட்டில் எட்டு வீரர்கள், ஆறு பொத்தான்கள், ஒரு கைப்பிடி. மூன்று பொத்தான்கள் குத்துக்கு, மூன்று உதைக்கு; மெதுவானது, நடுத்தரமானது, பலமானது என்று வகைப்படுத்தப்பட்டிருந்தன. தனியே விளையாடுபவர் ஒரு நாட்டு வீரரை வென்றதும் உலக வரைபடத்தின் மேல் சிறிய விமானமொன்று பறந்து அடுத்த நாட்டுக்குச் செல்லும். பிரேசில், சீனா, சோவியத் ஒன்றியம், இந்தியா என்று எங்கும் தடையின்றி இறங்கும். விசா கேட்போர் அவ்வுலகில் எவருமில்லை!

விளையாட்டு நிலையங்களில் ஓர் எழுதாச் சட்டம் நிலவியது. விளையாட விரும்புபவர் தமது 25 சத நாணயத்தைத் திரையின் கீழ் விளிம்பில் வைப்பார். அதுவே அவரது முறைச்சீட்டு. வென்றவர் நின்று தொடர்வார். தோற்றவர் எழுந்து இடம்விட வேண்டும். மீண்டும் வரவேண்டுமாயின் நாணயத்துடன் வரிசையின் கடைசிக்குச் செல்லவேண்டும். எவருடைய மகன், எந்த மொழி பேசுபவன், கையில் எந்த நிறக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஆங்கிலம் சரளமாக வராத ஒரு வெளிநாட்டுச் சிறுவனும் ஒரே ஒரு நாணயத்துடன் அந்த வரிசையில் மற்றவர்களுக்குச் சமமாக நிற்க முடிந்தது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அது அவ்வளவு இலகுவாக வாய்த்திருக்காது.

1996ஆம் ஆண்டில் சன்னிவேலின் கோல்ப்லாண்ட் விளையாட்டு நிலையத்தில் 40 பேர் கலந்துகொண்ட போட்டியொன்று நடந்தது. விரிகுடாவின் அருகே நடந்ததால் 'பட்டில் பை த பே' என்று பெயர். டொம் கனன், டோனி கனன் என்ற இரட்டைச் சகோதரர்களும் அவர்களது நண்பர்களும் வளர்த்த அப்போட்டி 2002இல் 'ஈவோ' எனப் பெயர் மாறியது. இன்று உலகெங்குமிருந்து ஆட்டக்காரர்கள் வந்து கூடும் பெருவிழா அதுவே. 2023இல் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்றபோது 'ஸ்ட்ரீட் பைட்டர் 6' என்ற ஒரே விளையாட்டுக்கு மாத்திரம் 7,000க்கும் மேற்பட்டோர் பெயர் பதிவு செய்திருந்தனர்.

இனி, இன்பம் எங்கே இருக்கின்றது என்ற விடயத்துக்கு வருவோம்.

சித்திரை வருடப்பிறப்பையொட்டி யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் போர்த்தேங்காய் அடித்ததை எமது வாசகர்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். தடித்த சிரட்டையுள்ள தேங்காயைத் தேடியெடுத்து, ஒருவர் தமது காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தமது காயால் ஓங்கி அடிப்பார். எந்தக் காய் உடையும் என்று ஊரே சூழ்ந்து நின்று பார்க்கும். அதில் யாருக்கும் யார் மீதும் பகையில்லை. கிளித்தட்டிலோ இன்னொரு சுவை உண்டு. இடப்பக்கம் பாய்வது போல் உடலை அசைத்து, மறிப்பவன் அப்பக்கம் சாய்ந்த கணத்தில் வலப்பக்கத்தால் கோட்டைக் கடந்துவிடும் சுவை அது. சண்டை விளையாட்டு இவ்விரண்டும் சேர்ந்த ஒன்று என்பதே எமது கணிப்பு.

அதன் அடிப்படை மிக எளிது. தாக்கினால் எதிரி தடுக்கலாம். தடுத்துக்கொண்டே நிற்பவனை அணுகிப் பிடித்து எறியலாம். பிடிக்க வருபவனையோ முந்திக்கொண்டு தாக்கலாம். ஆக, தடுப்பு தாக்குதலை வெல்லும், பிடி தடுப்பை வெல்லும், தாக்குதல் பிடியை வெல்லும். கல், கடதாசி, கத்தரிக்கோல் என்று சிறுவர் கைநீட்டி விளையாடும் அதே வட்டம்தான். ஆயினும் கல்லும் கடதாசியும் ஒரு கணத்தில் முடிந்துவிடும். இங்கோ அந்த வட்டம் ஒரு நிமிடத்துக்குள் எத்தனையோ முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் எதிரியைப் பற்றிப் புதிதாக ஒன்றை அறிகின்றோம். விழுந்து எழும்போதெல்லாம் இவன் பதற்றத்தில் குத்துகிறான் என்று மூன்றாம் முறை கண்டுகொண்டால், நான்காம் முறை தடுத்து நின்று திருப்பி அடிக்கலாம். அவனும் அதை உணர்ந்துவிட்டால் ஐந்தாம் முறை குத்தாமல் காத்திருப்பான். எதிரில் இருப்பது ஒரு மனம். அம்மனத்தைப் படிப்பதே ஆட்டம். இரத்தமும் ஓசையும் அதன் மேல் பூசிய வர்ணம் மாத்திரமே.

கையின் பயிற்சியும் சேர்ந்தே வரவேண்டும். கைப்பிடியைக் கீழிருந்து முன்னோக்கிக் கால்வட்டமாகச் சுழற்றி அதே கணத்தில் குத்துப் பொத்தானை அழுத்தினால் ரியூ என்ற வீரனின் கையிலிருந்து நெருப்புக் கோளம் பறக்கும். இதனைப் பத்து முறையில் பத்து முறையும் செய்வதற்குச் சில நாட்கள் எடுக்கும். எதிரி பாய்ந்து வரும் அவசரத்தில் செய்வதற்குச் சில மாதங்கள் எடுக்கும். மிருதங்கத்தில் விரல் பழகுவதைப் போன்றதே இதுவும்.

ஒன்றன்பின் ஒன்றாக எதிரி தடுக்கவியலாதபடி அடிகளைக் கோக்கும் 'கொம்போ' என்ற முறை இன்று இவ்விளையாட்டுக்கள் அனைத்துக்கும் உயிராக விளங்குகின்றது. அது திட்டமிட்டுப் படைக்கப்பட்டதன்று என்பது பலரும் அறியாத செய்தி. காரை அடித்து நொறுக்கும் மேலதிகச் சுற்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்த கப்கொம் தயாரிப்பாளர் நொரித்தாக்கா புனமிசு, ஓர் அடி முடியுமுன் இன்னொன்றைச் செருக முடிவதைக் கவனித்தார். இவ்வளவு நுட்பமான நேரக்கணக்கை எவரும் பெரிதாகப் பயன்படுத்தமாட்டார்கள் என்றெண்ணி அதனை அப்படியே விட்டுவிட்டார். விளையாடியவர்களோ அதனை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டனர்.

அக்கலையின் உச்சம் எதுவென்று கேட்டால் பெரும்பாலானோர் 2004ஆம் ஆண்டைக் குறிப்பிடுவர். அவ்வருட ஈவோ கலிபோர்ணியாவின் பொமோனாவில் நடைபெற்றது. யப்பானின் டைகோ உமெஹாராவும் நியூயோர்க்கின் ஜஸ்டின் வொங்கும் 'ஸ்ட்ரீட் பைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்' விளையாட்டில் மோதினர். டைகோவின் வீரன் கென்னின் உயிர்க்கோடு ஏறத்தாழ முற்றாகத் தீர்ந்திருந்தது. வெறுமனே தடுத்தாலும் சிறுசேதம் ஏற்பட்டு அவன் வீழ்ந்துவிடுவான். அந்நிலையில் வொங்கின் சுன்-லி தனது பெருந்தாக்குதலை ஏவினாள். அது தொடர்ச்சியாகப் பதினைந்து உதைகள் கொண்டது. இவ்விளையாட்டில் அடி படும் அதே நொடித்துளியில் கைப்பிடியை எதிரியை நோக்கித் தட்டினால் சேதமின்றித் தட்டிவிடலாம். ஒரு துளி முந்தினாலும் பிந்தினாலும் முடிவுதான். டைகோ பதினைந்தையும் தட்டிவிட்டார். கடைசி உதையை அந்தரத்தில் தட்டிவிட்டு, கீழிறங்கும்போதே தனது பதிலடியைத் தொடங்கி அச்சுற்றை வென்றார். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்த அக்காட்சியை இணையத்தில் இன்றும் காணலாம். அன்றைய இறுதியாட்டத்தில் டைகோ தோற்றுப்போனார் என்பதும் வென்ற கென்ஜி ஒபாத்தாவின் பெயர் அதிகம் பேசப்படுவதில்லை என்பதும் தனிக்கதை.

எமக்குப் பிடித்தமானவை எவையென்று கேட்பின், முதலிடம் இந்த 'தேர்ட் ஸ்ட்ரைக்'குக்கே. அடுத்தது நம்கோவின் 'டெக்கன்' வரிசை. அதில் இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் தனித்தனிப் பொத்தான்கள் என்பதால் புதியவரும் சற்று நேரத்தில் எதையாவது சாதித்துவிடலாம்; மாமாமாரும் சின்னம்மாமாரும் துணிந்து கையில் எடுப்பது அதுவே. பழைய 'ஸ்ட்ரீட் பைட்டர் 2' மீதும் எமக்குப் பற்றுண்டு, ஒரு மனக்குறையுடன். அதில் இந்தியாவின் சார்பில் வருபவர் டால்சிம் என்ற யோகி. கைகால்கள் இரப்பர் போல நீளும், வாயால் நெருப்பு உமிழ்வார், கழுத்தில் மண்டையோட்டு மாலை, பின்னணியில் யானைகள். எமது பண்பாட்டைப் பற்றி எங்கோ கேள்விப்பட்ட ஒருவர் தீட்டிய கேலிச்சித்திரம் போலவே தோன்றும். ஆயினும் எதிரியைத் தூரத்திலேயே நிறுத்திப் பொறுமையால் வெல்லும் அவரது ஆட்டமுறை, கூர்ந்த அறிவுடையோருக்கே கைவருவது. பார்வைக்குக் கேலி, ஆட்டத்துக்கு மேதை!

எம் அயலவர் ஒருவரின் கதை இங்கு சொல்லத்தக்கது. 2019ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஈவோ போட்டியின் யப்பானியப் பதிப்பில் 'டெக்கன் 7' விளையாட்டுக்குப் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த ஆர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர் வந்தார். வெளியுலகில் அவரை அறிந்தோர் சிலரே. பயணச் சிக்கல்களால் அலைக்கழிந்து, களைத்தவராகவே அவர் போட்டி மண்டபத்தை அடைந்தார். வந்தவர் வென்றார். அதே ஆண்டு ஓகஸ்டில் லாஸ் வேகாஸில் கொரியாவின் பெயர்பெற்ற 'நீ' என்ற ஆட்டக்காரரை வீழ்த்தி அதனையும் வென்றார். கொரியரும் யப்பானியரும் ஆண்ட களத்தை, பணமும் அனுசரணையும் அதிகமற்ற லாகூர் விளையாட்டுக் கடைகளில் பழகிய ஒருவர் கைப்பற்றினார். கடவுச்சீட்டின் பெயரால் வரிசையில் ஒதுக்கி நிறுத்தப்பட்ட அனுபவமுள்ள எம்மவருக்கு இச்செய்தியின் சுவையை விளக்கவேண்டியதில்லை.

இரத்தத்தைப் பற்றியும் பேசியாகவேண்டும். 1992இல் வெளிவந்த 'மோர்ட்டல் கொம்பாட்' தோற்றவனின் தலையைக் கொய்வதையே காட்சியாக்கியது. அதன் விளைவாக 1993 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையில் விசாரணை நடந்தது. 1994இல் விளையாட்டுப் பெட்டிகளின் மீது வயது எழுத்து அச்சிடும் முறை வந்தது. கலிபோர்ணியா மாநிலம் 2005இல் வன்முறை விளையாட்டுக்களைச் சிறுவருக்கு விற்பதைத் தடைசெய்து சட்டமியற்றியது; உச்ச நீதிமன்றம் 2011இல் அதனைப் பேச்சுரிமைக்கு முரணானது என்று தள்ளுபடி செய்தது. ஆகவே தீர்மானிக்கவேண்டியவர்கள் பெற்றோரே. 'ஸ்ட்ரீட் பைட்டர் 6', 'டெக்கன் 8' ஆகியவை 13 வயதுக்கு மேற்பட்டோருக்குரிய 'டி' எழுத்தைத் தாங்கியவை. 'மோர்ட்டல் கொம்பாட்' 17 வயதுக்குரிய 'எம்'. பின்னதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதை நாம் ஆதரிக்கமாட்டோம். போரைக் கண்ட பாட்டி இருக்கும் வீட்டின் நடுக்கூடத்தில் அது ஓடுவதையும் விரும்பமாட்டோம். தலையணி ஒன்று வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிணக்குத் தீரும் என்பது இடையில் ஒரு சிறு யோசனை.

மறுபுறத்தில், சிதறிய குடும்பங்களுக்கு இவ்விளையாட்டுக்கள் செய்யும் ஒரு காரியத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரே வளவில் வளர்ந்திருக்கவேண்டிய சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் லிவர்மோரிலுமாக இருக்கின்றனர். தொலைபேசியில் "எப்படிச் சுகம்?" என்பதற்கு மேல் அவர்களுக்குப் பேச எதுவுமில்லை. அவர்களை ஒரு திரையின் முன் கொண்டுவருவது முன்பு இயலாததாக இருந்தது. இலண்டனுக்கும் லிவர்மோருக்கும் இடையே ஏறத்தாழ 8,600 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளியே அத்தூரத்தைக் கடக்க நொடியின் ஆயிரத்தில் 43 பங்கு எடுக்கும். விளையாட்டோ நொடிக்கு 60 படங்களாக ஓடுவது. பழைய முறையில் இரு இயந்திரங்களும் மற்றவரின் பொத்தான் செய்தி வரும்வரை காத்திருந்தன. கை அழுத்தியதும் வீரன் அசையாமல் நிற்பான். சேற்றுக்குள் நின்று சண்டை பிடிப்பது போலிருக்கும்.

இதற்குத் தீர்வு கண்டவர், 1996இல் சன்னிவேலில் போட்டி நடத்திய அதே டோனி கனன். 2006இல் அவர் வெளியிட்ட முறையில் இயந்திரம் காத்திருப்பதில்லை. எதிரி சற்றுமுன் செய்ததையே தொடர்ந்து செய்கிறான் என்று ஊகித்து ஆட்டத்தை நடத்துகிறது. உண்மைச் செய்தி வந்து ஊகம் பிழையெனத் தெரிந்தால், அந்தச் சில படங்களுக்குப் பின்சென்று திருத்தி, கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் மீண்டும் முன்வந்துவிடுகிறது. 2019இல் அதனை எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டார். இன்று வெளிவரும் முக்கியமான சண்டை விளையாட்டுக்கள் பெரும்பாலும் இம்முறையில் அமைந்தவை.

பிள்ளைகளை இவ்வாறு இணைக்க விரும்புவோர் கம்பியில்லா இணைப்பைத் தவிர்த்து இயந்திரத்தைக் கம்பி மூலம் நேரடியாக இணைத்துக்கொள்வது நன்று. 'ஸ்ட்ரீட் பைட்டர் 6'இலும் 'டெக்கன் 8'இலும் ஒருவரிடம் பிளேஸ்டேஷனும் மற்றவரிடம் சாதாரணக் கணனியும் இருந்தாலும் சேர்ந்து ஆடலாம். சனிக்கிழமை லிவர்மோரில் காலை 10 மணி என்றால் ரொறன்ரோவில் பிற்பகல் 1 மணி, இலண்டனில் மாலை 6 மணி, பாரிஸில் 7 மணி. எல்லா வீட்டிலும் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் அது. லிவர்மோர்ப் பிள்ளைகள் மட்டும் கோயிலுக்குப் புறப்படச் சற்றுத் தாமதிக்கவேண்டியிருக்கும்.