அபாயோ, அந்த எக்ஸ் எங்கே?

புனே கேம்ப்பில் எம்.ஜி. ரோட்டை விட்டுச் சந்துக்குள் நாலு எட்டு வைத்தால் அந்தக் கடை. இரண்டு மேஜை, ஒரு பிரிண்டர், போட்டோ எடுக்க ஒரு வெள்ளைத் திரை, ஓயாமல் வந்துகொண்டிருக்கும் கட்டிங் சாய். நடத்துபவர் ராஸ்தா பேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ் அக்கா. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சோமாலியக் குடும்பங்கள். அவர்களுடைய பயணத் தாள்கள் எப்படித் தயாராகின்றன என்று கூடவே இருந்து பார்க்க எனக்கு ஒரு வாரம் இடம் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் முதல் நாள் கடை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றுவிட்டேன்!

உள்ளே நுழைந்ததும் ஒரு குரல்: "அபாயோ!" எனக்கு அபாயம் என்று காதில் விழுந்து தூக்கிவாரிப் போட்டது. அக்கா சிரித்துக்கொண்டே, "அது என்னைத்தான். அவங்க பாஷையில அபாயோன்னா அக்கா, தங்கச்சி" என்றார். கூப்பிட்டவர் சோமாலியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் இளைஞர். படிக்க வந்து, படிப்பு முடிந்தும் புனேயிலேயே இருப்பவர். அன்றைக்கே எனக்கும் தம்பியாகிவிட்டார்.

1991-ல் சோமாலிய அரசு சரிந்தபோது பிறப்பு, திருமணப் பதிவேடுகளும் அதோடு போயின. குடும்பங்கள் நைரோபி, ஜிஜிகா, ஜெட்டா, லண்டன், மினியாபொலிஸ் என்று சிதறின. புனேவுக்குப் படிக்க வந்தவர்களும் உண்டு, அகதிகளாக வந்தவர்களும் உண்டு. ஆகவே ஒரே வீட்டின் தாள்கள் மேஜைக்கு வரும்போது அம்மாவுடையது அரபியில், அண்ணனுடையது அம்ஹாரிக்கில், தாத்தாவுடையது இத்தாலியனில், பாப்பாவுடையது புனே மாநகராட்சியின் மராத்தியில் இருக்கும். அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது, ஆனந்தமாக!

இனி அந்த எக்ஸ் கதை. சோமாலி மொழிக்கு 1972-ல்தான் லத்தீன் எழுத்து அதிகாரபூர்வமாக வந்தது. அதில் 'சி' என்பது அரபியின் ஐன் ஒலி. 'எக்ஸ்' என்பது தொண்டையிலிருந்து வரும் அழுத்தமான 'ஹ'. அதனால் அலி என்ற பெயர் சி-ஏ-எல்-ஐ. ஹசன் எக்ஸில் தொடங்கும். முகமதுவுக்கு நடுவில் எக்ஸ் உட்கார்ந்திருக்கும். அப்பா பெயரை லண்டனில் இருக்கும் அண்ணன் ஆங்கில வழக்கப்படி எழுதியிருப்பார், மொகதிஷுவில் தங்கை சோமாலி வழக்கப்படி எழுதியிருப்பார். அப்பா ஒருவரே, தாளில் மட்டும் இரண்டு ஆள்! இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 'மகமெத்' என்பது முகமது, 'மகமூத்' என்பது மஹ்மூத். இரண்டும் வேறு பெயர்கள். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக டைப் செய்தால் ஒரு மனிதருக்குத் தகப்பனே மாறிவிடுகிறார். தம்பி திரையைப் பார்த்து "அபாயோ, அந்த எக்ஸ் எங்கே?" என்று கத்தியது அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்தோ, அதுவே மொழிபெயர்ப்பிலும். மூலத்தில் வேறு மாதிரி இருந்தால் கீழே குறிப்பு. அக்கா இதில் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை.

நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றது அதற்கு அடுத்த விஷயத்துக்கு. சோமாலியர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். கல்யாணமானாலும் பெண் தன் அப்பா பெயரை விடுவதில்லை. நம்ம ஊர் இனிஷியல் அல்லவா இது! பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தெழுதி, விமான நிலையத்தில் அப்பா பெயரால் கூப்பிடப்பட்டு, ஒரு நொடி தாமதித்து "நான்தான்" என்று கையைத் தூக்கிய தமிழர்கள் எத்தனை பேர்! கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் ஒரே 'சர்நேம்' இருக்கும் என்று எதிர்பார்க்கும் படிவத்தின் முன்னால் தமிழ்க் குடும்பமும் சோமாலியக் குடும்பமும் ஒரே மாதிரி விழிக்கின்றன. அதற்காக அக்கா ஒரு தாள் வைத்திருக்கிறார். பெயர் எப்படி அமைகிறது, மூவரும் எப்படி ஒரு குடும்பம் என்று நாலே வரியில் விளக்கும் தாள். அதை அவர் எழுதிய அழகைப் பார்த்தால், தன் பாஸ்போர்ட்டுக்கும் சேர்த்தே எழுதினாரோ என்று தோன்றும்.

உறவுமுறையைக் கேளுங்கள். அப்பாவின் சகோதரர் 'அதேர்'. அம்மாவின் சகோதரர் 'அப்தி'. அத்தைக்கு 'ஏத்தோ' என்று தனிச் சொல். சின்னம்மாவுக்கு 'ஹபர்யர்', அதில் 'யர்' என்றால் சின்ன! ஆங்கிலத்தில் எல்லாம் அங்கிள், ஆன்ட்டி. ஆனால் பயணச் செலவை ஏற்பவர் எழுதும் கடிதத்தில் எந்த வழி அங்கிள் என்று எழுதாவிட்டால், பெயரில் ஏன் ஒற்றுமை இல்லை என்ற கேள்வி வரும். பிள்ளையின் கடைசிப் பெயர் சித்தப்பாவுக்கு நடுப்பெயராக வரும், தாய்மாமாவுக்கு வராது. தம்பி "அப்தி" என்று சொல்லி முடிப்பதற்குள் அக்கா "தாய்மாமா" என்று தட்டச்சில் இறங்கிவிடுகிறார்.

தேதிகள் தனி உற்சவம். ஜெட்டாவில் பிறந்தவருக்கு ஹிஜ்ரி ஆண்டு. ஜிஜிகாவில் பிறந்தவருக்கு எத்தியோப்பியக் காலண்டர்: பதின்மூன்று மாதம், கடைசி மாதத்துக்கு ஐந்து அல்லது ஆறே நாள், ஆண்டும் நம்மைவிட ஏழெட்டு பின்னால். அங்கே 2000 பிறந்தபோது நமக்கு 2007 செப்டம்பர் 12! மூலத் தேதியை அப்படியே எழுதி, பக்கத்தில் நம் காலண்டர் தேதியைக் குறிப்பார்கள். பிறந்த நாளே தெரியாதவர்களுக்கு ஏதோ ஒரு முகாமில், ஏதோ ஒரு படிவத்தில் ஜனவரி 1 என்று விழுந்திருக்கும். ஒருவர் சான்றிதழில் ஜூன் 31 இருந்தது. திருத்தத் துடித்த என் விரலைத் தம்பி தடுத்தார். மொழிபெயர்ப்பாளருக்குத் திருத்தும் உரிமை இல்லை. 'மூலத்தில் இப்படியே' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். முத்திரை மங்கியிருந்தால் 'வட்ட முத்திரை, படிக்க இயலவில்லை' என்பதும் மொழிபெயர்ப்பின் ஒரு பகுதி.

பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, வரிக்கு 44 எழுத்து, அதிலும் ஒரு வித்தை கற்றேன். பிறந்த தேதி 850101 என்றால் இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 79 வரும். கடைசி இலக்கமான 9 தேதியை ஒட்டி அச்சாகியிருக்கும். ஓடிப்போய் என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். சரியாக வந்தது!

சனிக்கிழமை ஒரு கைக்குழந்தை வந்தது. கோண்ட்வாவில் வீடு, புனேயில் பிறந்த பையன். அப்பா, அம்மா இருவரும் சோமாலியர்கள் என்பதால் இங்கே பிறந்தும் இந்தியக் குடியுரிமை இல்லை. மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ், டெல்லியில் உள்ள சோமாலியத் தூதரகத்தின் பாஸ்போர்ட், பிறகு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் அனுமதி, அப்புறம்தான் விமானம். ஒரு நாட்டின் சான்றிதழை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்க வழிசெய்யும் அபோஸ்டில் ஒப்பந்தத்தில் சோமாலியா இல்லாததால் அந்த ஒற்றை முத்திரை போதாது. வெளியுறவு அமைச்சகச் சான்றுக்கு மேல் தூதரகச் சான்றும் வேண்டும்.

இவ்வளவுக்கும் முதல் படி போட்டோ. மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்தார்கள். அக்கா ஸ்டூல்மேல் ஏறிக் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தார். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். அவனோ அசந்து தூங்கினான். "ஹோயோ, ஹோயோ" என்று தாய் கொஞ்சினாள். ஹோயோ என்றால் அம்மா. பிள்ளை ஆணோ பெண்ணோ, தாய் அதையும் ஹோயோ என்றே கூப்பிடுவாளாம். மேலேயிருந்து அக்கா, "அப்பா, கண்ணைத் திறப்பா, ராசா" என்றார்.

திறந்தான். கிளிக்!