சிறைச்சாலையும் கட்டடக் கலையும்

சிறைச்சாலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன உயர்ந்த மதிலும் இரும்புக் கம்பிகளுமே. அவை எழும்புவதற்கு முன்னர் யாரோ ஒருவர் தாளில் கோடு போட்டு வரைபடம் தீட்டியிருப்பார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், உள்ளே இருப்பவன் எதைப் பார்க்கலாம், யாரோடு பேசலாம், எவ்வளவு காற்றைச் சுவாசிக்கலாம் என்பனவற்றையெல்லாம் முடிவு செய்வது அந்த வரைபடமே. நீதிபதி விதிப்பது காலத்தை. அந்தக் காலம் எப்படிக் கழியும் என்பதை விதிப்பது கட்டடம்.

வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது. ஆங்கில அறிஞர் ஜெரமி பெந்தம் 1791 ஆம் ஆண்டில் ‘பனாப்டிகன்’ என்னும் சிறைத் திட்டத்தை நூலாக வெளியிட்டார். வட்டமான கட்டடம்; சுற்றிலும் அறைகள்; நடுவே காவற்கோபுரம். கோபுரத்தில் இருப்பவன் அனைவரையும் காணலாம். அவனையோ எவரும் காண இயலாது. காவலன் உண்மையில் பார்க்க வேண்டுவதில்லை, பார்க்கிறான் என்ற எண்ணமே போதும் என்பது பெந்தமின் கணக்கு.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. அந்தமானில், போர்ட் பிளேரில், ஆங்கில அரசு 1896 முதல் 1906 வரை செல்லுலர் சிறையைக் கட்டியது. நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல் ஏழு கிளைகள் பிரிந்தன. ஒரு கிளையின் அறைகள் அடுத்த கிளையின் முதுகுப்புறத்தையே நோக்கி நின்றன. விடுதலை வீரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அங்கே தனிமை தற்செயலாக நேர்ந்ததன்று. செங்கல் வைத்துக் கட்டப்பட்டது.

இன்று ஒரு புதிய சிறையைத் திட்டமிடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது? ‘மதில் எத்தனை அடி?’ என்பதன்று, ‘உள்ளே இருக்கப் போகிறவர்கள் யார்?’ என்பதே. 2022 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கே இடம் இருந்தது. அடைக்கப்பட்டிருந்தவர்களோ 5,73,220 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள். தண்டனை பெற்றவனை மனத்தில் வைத்து வரையும் படம் இவர்களுக்குப் பொருந்துமா? சென்னையில் 1837 இல் கட்டப்பட்ட பழைய மத்திய சிறை 2006 இல் புழலுக்கு மாறியபோது, தண்டனைக் கைதிகளுக்கும் விசாரணைக் கைதிகளுக்கும் தனித்தனிச் சிறைகள் அமைந்தன. இது விரும்பத்தக்க முறையே.

அடுத்தது இடமும் காற்றும். மத்திய அரசின் 2016 ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு, பலர் உறங்கும் கொட்டடியில் 20 பேருக்கு மேல் கூடாது என்கிறது, ஆளுக்கு 3.71 சதுர மீட்டர் தரையும் 15.83 கன மீட்டர் காற்றும் வேண்டும் என்கிறது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கூரையின் உயரம் ஏறத்தாழ 4.3 மீட்டர் என்று தெரியவரும். வெப்ப நாட்டில் சூடான காற்று மேலே செல்ல அந்த உயரம் தேவையே. ஆனால், 2022 இன் நாடு தழுவிய சராசரி நெரிசலின்படி 20 பேர் கொட்டடியில் 26 பேர் இருப்பர். அப்பொழுது தரை 2.85 சதுர மீட்டராகவும், காற்று 12.2 கன மீட்டராகவும் சுருங்கும். தாளில் இருந்த நியாயம் கதவைத் தாண்டுமுன்னே கால் பங்கு குறைந்துவிடுகிறது!

மூன்றாவது, இருப்பிடம். ஊருக்கு வெளியே நிலம் மலிவாகக் கிடைக்கும். ஆனால், நீதிமன்றமும் வழக்கறிஞரும் குடும்பமும் ஊருக்குள் அன்றோ இருக்கின்றனர்? ஒருநாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி வரும் தாய் மாதம் ஒருமுறைதான் வருவாள்; பிறகு அதுவும் நிற்கும். வெளியுலகோடு இருந்த உறவு அறுந்தவன் விடுதலையாகி எங்கே போவான்?

மதில்தான் பாதுகாப்பு என்பதும் முழு உண்மையன்று. நார்வே நாட்டில் 2010 இல் திறக்கப்பட்ட ஹால்டன் சிறையைச் சுற்றி உயர்ந்த மதில் உண்டு. ஆயினும் உள்ளே மரங்களை வெட்டாமல் விட்டனர். சன்னல்களில் கம்பி வைக்கவில்லை. அத்தனை தூரம் போவானேன்? ராஜஸ்தானத்தில் சாங்கானேர் திறந்தவெளிச் சிறையில் தண்டனைக் கைதிகள் குடும்பத்தோடு வாழ்ந்து, வெளியே வேலைக்குச் சென்று, மாலையில் திரும்புகின்றனர். அங்கே காவல் நம்பிக்கையே.

புதிய சிறைகளைக் கட்டினால் நெரிசல் தீர்ந்துவிடும் என்பார் உளர். பிணை கிடைக்காமலும் வழக்கு முடியாமலும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போரைச் செங்கல்லால் குறைக்க முடியாது. நல்ல திட்டமிடுவோன் இதையும் அரசுக்கு எடுத்துரைக்க வேண்டும்: ‘காத்திருப்போருள் அடைத்துவைக்கத் தேவையில்லாதவர்களை வெளியே விடுங்கள், சிறிய கட்டடமே போதும்.’

பொறியியலும் கட்டடக் கலையும் பயிலும் தோழர்களே! நாளை உங்கள் மேசைக்கு இத்தகைய வரைபடம் ஒன்று வரலாம். அதில் நீங்கள் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் அப்பால், குற்றம் செய்தானா இல்லையா என்று இன்னும் எவரும் சொல்லாத ஒரு மனிதன் படுத்திருப்பான் என்பதை நினைவில் வைத்துக் கோடு போடுங்கள்.