உங்களுக்குத் தெரியுமா? சிப் மாறினால் ஷெட்யூலரும் மாறும்!

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ புராசசர் குடும்பத்தில் சிறிய ‘ஈ’ வகையில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இயங்குதளம் ஓடும். திறன் கூடிய ‘சி’ வகையில் லினக்ஸ் இயங்குதளம் ஓடும். எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர் இரண்டிலும் வேறு.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் முன்னுரிமை கூடிய வேலை வந்தால், மற்றது உடனே நிற்கும். மேலூர் வயலில் பம்புசெட் தண்ணீரின்றி ஓடினால், அந்த நொடியே மோட்டாரை அணைக்க இதுவே ஏற்றது. லினக்ஸோ சாதாரண வேலைகளுக்கு நேரத்தை நியாயமாகப் பங்கிடும். பல செல்போன்களின் புராசசரில் பெரிய கோர், சிறிய கோர் இரண்டும் உண்டு. ஒரு வேலையை எதில் ஓட்டினால் பேட்டரி மிச்சமாகும் என ஷெட்யூலரே கணக்கிடும் வசதி 2019-இல் லினக்ஸ் 5.0-இல் சேர்ந்தது.

சக்தியின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. மதுரைப் பொறியியல் மாணவர்களே, பதிவிறக்கிப் படியுங்கள். அதில் ஓடச் சொந்தமாக ஒரு ஷெட்யூலர் எழுதிப் பாருங்கள்!