அம்மம்மாவுக்கு நம் முகம் தெரிகிறதா?



ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் யாழ்ப்பாணத்துக்கு வீடியோ அழைப்பு எடுப்பது லண்டனில் நம்மில் பலருடைய வழக்கம். அம்மம்மா இரண்டு தரம் "ஓம் பிள்ளை, ஓம்" என்பார். பிறகு ஃபோனை மாமியிடம் கொடுத்துவிடுவார். கதைக்க விருப்பமில்லையோ என்று நினைக்கிறோம். பல நேரம் நாம் சொல்வது அவருக்கு விளங்குவதில்லை என்பதே உண்மை.

வயது போகப் போக ச, ஸ போன்ற கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறைகிறது. சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. அதனால்தான் தாதியராகிய நாங்கள் வார்டில் முதியவர்களோடு பேசும்போது, அவர்களுடைய கண்மட்டத்துக்கு இறங்கி, எங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி இருந்து பேசுகிறோம். காது தவறவிட்டதைக் கண் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

வீடியோ அழைப்பிலும் இதையே செய்யலாம். மேசையில் இருக்கும் மடிக்கணினியின் கமரா கீழிருந்து மேலே பார்ப்பதால், அம்மம்மாவுக்கு நம் நாடியும் வீட்டுக் கூரையும்தான் தெரியும். யூஎஸ்பி வயரில் இணைக்கும் வெளிக் கமராவை நமக்கு வேண்டிய உயரத்தில் வைக்கலாம்.

விலை கூடியது தேவையில்லை. 720பி, அதாவது 1280க்கு 720 புள்ளிகள் உள்ள படமே முகத்துக்குப் போதும். பெரும்பாலானவை வயரைச் செருகியதும் வேலை செய்யும். ஆனால் அழைப்புச் செயலியின் செற்றிங்ஸில் புதிய கமராவைத் தெரிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய கமராவே ஓடிக்கொண்டிருக்கும். படமே வராவிட்டால், கமராவைப் பயன்படுத்த அந்தச் செயலிக்குக் கணினி அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கமரா கண்ணுக்கு நேராக இருக்கட்டும். அம்மம்மாவின் படத்தைத் திரையில் கமராவுக்கு நேர் கீழே இழுத்து வையுங்கள். அப்போது அவரைப் பார்க்கும் நம் கண்களும் அவரைப் பார்ப்பதுபோலவே அவருக்குத் தெரியும்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி இருக்கவேண்டாம். கமரா ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், நம் முகம் இருண்டுவிடும். ஜன்னலைப் பார்த்தபடி இருங்கள்.

படம் உறைந்து உறைந்து போனால் உதட்டைப் பார்த்துப் பயனில்லை. கணினியைக் கேபிளால் நேரே ரூட்டரில் இணைத்தால் பெரும்பாலும் சீராகும். ஒலிவாங்கி வாய்க்குக் கிட்ட இருப்பது நல்லது. அந்தப் பக்கத்தில், முடிந்தால் பெரிய திரையில் காட்டும்படி மாமியிடம் சொல்லுங்கள்.

பிறகு ஒருவர் பின் ஒருவராக, ஆறுதலாகக் கதையுங்கள். கத்தவேண்டாம், கத்தும்போது உதட்டின் வடிவமே மாறிவிடும். விளங்கவில்லை என்றால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் கேட்கவில்லை என்றால் "வயசுதானே" என்று விடவேண்டாம். காதுக்குள் அடைத்திருக்கும் குறும்பிகூடக் காரணமாக இருக்கலாம், அதை எடுப்பது சிறிய வேலை. கேட்கும் திறன் திடீரென்று குறைந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

நம் சபையிலும் பிள்ளைகளைத் தூர நாடுகளில் விட்டுத் தனியே இருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கணினியிலும் ஒரு கமராவைப் பூட்டி, கூட இருந்து முதல் அழைப்பை எடுத்துக் கொடுப்போமா?