நாட்டுக்குப் பெருமை தருவது எது?



"நாடு" என்ற சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். தேர்தல் மேடைகளில் கேட்கிறோம். துடுப்பாட்டப் போட்டி நடைபெறும் நாட்களில் இன்னும் உரத்துக் கேட்கிறோம். ஆயின், ஒரு நாட்டைப் பெருமைக்குரிய நாடாக ஆக்குவது யாது என்று வினவினால் விடை எளிதில் வருவதில்லை. நிலப்பரப்பா? படைவலிமையா? பழைமையான வரலாறா? இவ்வினாவுக்குப் பழந்தமிழ் நூல்கள் தரும் விடையையும், அது நாம் வாழும் இலங்கைத் தீவுக்கு எவ்வளவு தூரம் பொருந்துகின்றது என்பதையும் இன்று நோக்குவோம்.

முதலில் புறநானூறு. அதன் 187ஆம் பாடல் ஒளவையார் பாடியது. நான்கே அடிகள் கொண்டது. நிலத்தை விளித்துப் பேசும் பாடல் அது. நிலம் பள்ளமோ மேடோ, அது பொருட்டன்று. அங்கே வாழ்பவர் எத்தகையவரோ அத்தகையதே அந்நிலமும் என்பது ஒளவையாரின் முடிவு. மண்ணுக்கென்று தனியே ஒரு பெருமை இல்லை என்று அக்காலத்திலேயே ஒரு புலவர் துணிந்து சொல்லியிருக்கிறார்.

அடுத்துத் திருக்குறள். பொருட்பாலின் 74ஆம் அதிகாரத்துக்கு "நாடு" என்றே பெயர். ஆனால், அதற்கு முன்னர் இறைமாட்சி அதிகாரத்தின் முதற் குறளில் அரசுக்குரிய ஆறு உறுப்புகளை வள்ளுவர் எண்ணும்போது அங்கே நாடு என்ற சொல் இல்லை. குடி என்ற சொல்லே இருக்கிறது. பின்னர் அவ்வுறுப்புகளைத் தனித்தனி அதிகாரங்களில் விரிக்கும்போது குடிக்குரிய இடத்தில் நாடு வந்து நிற்கிறது. குடி என்றது அக்குடிகளையுடைய நாட்டையே என்று பரிமேலழகர் இதற்கு அமைதி கூறுவார். குடியும் நாடும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கத்தக்க சொற்கள் என்பது இதனாற் புலனாகும். குடிகளைக் கழித்துவிட்டால் நாடு என்று எஞ்சுவது வெறும் நிலமே.

அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களும் நாட்டை அளப்பதற்குரிய அளவுகோல்கள். அவற்றுட் சிலவற்றை எடுத்து நமது நாட்டோடு வைத்துப் பார்ப்போம்.

பெரும்பசியும் தீராத நோயும் பகையும் அணுகாமை ஓர் அளவுகோல். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியாக் காய்ச்சல் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. அதே நாட்டை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் பிரகடனஞ் செய்தது. வீடு வீடாகச் சென்று இரத்தப் பரிசோதனை செய்த பொதுச் சுகாதார ஊழியர்களுக்கு யாரும் சிலை எழுப்பவில்லை. எனினும் வள்ளுவரின் கணக்கில் அது பெருமைக்குரிய வெற்றியே.

கல்வியிலும் இந்நாட்டுக்குப் பெருமை உண்டு. 1931இல், ஆசியாவிலேயே முதன்முதலாக, ஆண் பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை இங்கே கிடைத்தது. அவ்வாறு தெரிவான அரசாங்க சபையில் கல்வி அமைச்சராக விளங்கியவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அப்போது நாம் சுதந்திரம் பெற்றிருக்கவில்லை. செல்வந்த நாடாகவும் இருக்கவில்லை. செல்வம் சேர்ந்த பிறகு கல்வி கொடுப்போம் என்று அன்றைய தலைவர்கள் காத்திருக்கவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது. இன்று ஆசிரியராக நின்று பேசும் நானும் அந்த இலவசக் கல்வியில் வளர்ந்தவனே. அரசாங்கம் தந்த பாடநூலில்தான் வள்ளுவரை முதன்முதலிற் படித்தேன்.

இனி மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அதிகாரத்தின் முதற் குறள் நாட்டின் உறுப்பாக முதலில் வைப்பது குறையாத விளைச்சலை. அதனை விளைச்சலைச் செய்வோர் என்று உரை கூறுவர். தக்கோரும் செல்வரும் அதன் பின்னரே வருகின்றனர். இலங்கைக்கு அந்நியச் செலாவணியை நெடுங்காலம் ஈட்டித் தந்தது தேயிலை. அத்தேயிலையை விளைவித்த மலையகத் தமிழரில் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேரை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அவர்களுட் பெருந்தொகையினர் பிற்காலத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியிருந்தோரின் பிரச்சினையை முற்றாகத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதும் 1970களிலேதான். எல்லோருக்கும் இலவசக் கல்வி என்று நாம் பெருமைப்பட்ட காலத்தில் அந்த "எல்லோரிலும்" கொழுந்து பறித்த தாயின் பிள்ளை சேர்ந்திருக்கவில்லை.

உட்பகை இல்லாமை இன்னோர் அளவுகோல். பல குழுக்களாகப் பிரிந்து நின்று தம்முள் அழிப்பதும், கொலைத்தொழிலுடைய கூட்டங்கள் தலையெடுப்பதும் இல்லாததே நாடு என்கிறார் வள்ளுவர். இக்குறளைப் படிப்பிக்கும்போது எனக்குக் குரல் தாழ்ந்துவிடுகிறது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த தமிழர் வீடுகளும் கடைகளும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள். 2009 வரை நீண்ட போர். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும் பிற இடங்களிலும் வெடித்த குண்டுகள். பிறர் செய்ததை மட்டும் எண்ணி, நம்மவர் பெயரால் நடந்ததை விட்டுவிட்டால் அது நேர்மையான கணக்காகாது.

இத்தனைக்கும் இடையே, வள்ளுவர் கூறும் மற்றுமோர் அளவுகோல் நமக்கு ஆறுதல் தருகிறது. பிற இடங்களின் பாரமெல்லாம் ஒருசேர வந்து சேர்ந்தாலும் தாங்குவது நாடு. பரிமேலழகர் இப்பாரத்தை வந்து சேரும் மக்கட் கூட்டம் முதலியனவாக விளக்குவார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய முழுமையாக இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியின் வீடுகளும் கோயில்களும் பாடசாலைகளும் அவர்களைத் தாங்கின. வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களைப் புத்தளம் தாங்கியது. 2019இல் குண்டு வெடித்த அன்றே, காயமடைந்தவர் எந்தச் சமயத்தவர் என்று கேளாமல் இரத்ததானஞ் செய்ய மக்கள் வரிசையில் நின்றனர். அரசு தளர்ந்து நின்ற வேளைகளிற்கூட நாடு நாடாகவே இருந்தது என்பதற்கு இவை சான்று. ஒளவையார் சொன்ன நல்லவர்கள் இவர்களே.

அதிகாரத்தின் இறுதிக் குறளுக்கு இனி வருவோம். மேற்சொன்ன வளமெல்லாம் நிறைந்திருந்தாலும், ஆள்வோனோடு பொருந்துதல் இல்லையாயின் அந்நாட்டாற் பயனில்லை என்பது அதன் கருத்து. குடிகள் ஆள்வோனிடத்து அன்புடையராதலும், ஆள்வோன் குடிகளிடத்து அருளுடையவனாதலும் ஆகிய இரண்டும் அப்பொருத்தத்துள் அடங்கும் என்று உரை விளக்குகிறது. ஒரு பக்கத்து அன்பு மட்டும் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டில் இக்குறள் நம் கண்முன்னே நிகழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சில் வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. இலவசக் கல்வி தந்த நாட்டிலே இந்நிலை. ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்நாட்களில் உயர்தர வகுப்பில் இவ்வதிகாரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பேருந்து இல்லாமல் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே வந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், நாடு எங்களோட இருந்தாத்தானே நாங்களும் நாட்டோட இருக்கலாம்?" என்று கேட்டான். பரிமேலழகர் கூறிய இருபக்கப் பொருத்தத்தை அவன் தன் மொழியில் சொல்லிவிட்டான். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்றும் சொன்னான். நல்ல தமிழறிவு உடைய பிள்ளை. இன்று அவன் வெளிநாட்டில் இருக்கிறான். வள்ளுவர் தேடிய தக்கோருள் ஒருவனாக அவன் இங்கேயே வளர்ந்திருக்கக் கூடும்.

அதே ஆண்டு மே 18ஆந் திகதி, காலிமுகத்திடலில் போராடியவர்கள் முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைவுகூர்ந்தனர். அங்கே கஞ்சி வழங்கப்பட்டது. சிங்கள இளைஞர்களும் அதனை வாங்கிப் பருகினர். கொழும்பு நகரின் நடுவே அப்படியொரு காட்சியைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. அது பெரிய மாற்றமாக விளைந்ததா என்பது வேறு விடயம். பிறருடைய துயரை இந்நாட்டின் துயராக ஏற்கும் மனம் இங்கே இருக்கிறது என்பதை அது காட்டியது.

ஆகவே நேயர்களே, பெருமையை மன்னர் கட்டிய குளங்களில் மட்டுமோ, இன்று எழும் கோபுரங்களில் மட்டுமோ தேட வேண்டியதில்லை. மலேரியாவை ஒழித்தபோதும் கல்வியைப் பொதுவாக்கியபோதும் இந்நாடு பெருமை பெற்றது. குடிகளுள் ஒரு பகுதியினரை வேண்டாதவராக்கிய ஒவ்வொரு முறையும் அப்பெருமையை இழந்தது. "நாடு" என்று யாரேனும் மேடையில் முழங்கும்போது, அச்சொல்லுக்குள் யார் யார் அடங்குகிறார்கள், யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்போம். வீட்டில் திருக்குறள் நூல் இருந்தால் 74ஆம் அதிகாரத்தை உரையோடு ஒருமுறை படியுங்கள். பிள்ளைகளையும் அருகில் இருத்திப் படியுங்கள்.